கருட சேவையன்று என் பின்னால் வந்த கூட்டம்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். எனக்குப் பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும். ஜாதகம் பார்த்த ஜோசியர் பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்று சொன்னாராம். இது அந்த மீதி இரண்டில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகிச் செவிலிமேட்டுக்கு வந்தேன். அப்போது அது காஞ்சிபுரத்தோடு ஒட்டாத தனி ஊர். என் பிறந்த வீடு காஞ்சிபுரத்துக்குள்ளே, பிள்ளையார்பாளையத்தில், நெசவுத் தெருவில். அங்கே அண்ணன், அண்ணி, என் தங்கை மூன்று பேரும் இருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் முன்பே போய்விட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது அங்கே போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் போனால் போட்ட சோறு தங்காது. ஆகவே நடந்தேன்.

நடக்கிற வழியை நானே கண்டுபிடித்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். அது கழனி வேலைக்குப் போகிறவர்களின் வழி. எங்கள் வீட்டுப் பின்பக்கம் முள்வேலியில் ஒரு ஆள் நுழையும் சந்து இருந்தது. அதைத் தாண்டினால் வேர்க்கடலைக் கொல்லை, அப்புறம் நெல் கழனிகளின் வரப்பு, ஒரு பம்புசெட், செங்கல் சூளை, வேகவதி ஆறு. ஆறு என்று மரியாதைக்குச் சொல்வதுதான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல் மட்டும் இருக்கும். ஆற்றைத் தாண்டிக் கரையேறினால் ஒரு சந்து. சந்தின் முடிவில் எங்கள் தெரு. வரப்புக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு பருவத்திலும் அதை இரண்டு பக்கமும் செதுக்கி மெலிய வைப்பார்கள். ஆனால் எவ்வளவு செதுக்கினாலும் ஒரு கால் வைக்க இடம் விட்டுவிடுவார்கள். நடக்கிறவர்களைத் திட்டிக்கொண்டேதான் விடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இது பெரிய மானப் பிரச்சினை.

"இன்னாமே நீ, டிரைவர் சிரிக்கிறான். கண்டக்டர் சம்சாரம் கழனியில நடந்து போவுது, கண்டக்டர் ஊரானுக்கெல்லாம் சீட்டு குடுத்துக்கினு இருக்கிறாருன்னு."

"உங்க பஸ்ஸுல நான் வாந்தி எடுத்தா இன்னும் நல்லா சிரிப்பாரு."

ஒரு இடத்தில் பாதையும் தார் ரோடும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சேர்ந்து பிரியும். நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும்தான். சில நாள் நான் அங்கே வரும்போது அவர் பஸ்ஸும் வரும். படியில் தொங்கியபடி என்னைப் பார்த்து விசிலை ஒரு முறை ஊதுவார். ஏறிக்கொள் என்று அர்த்தம். நான் தலையை ஆட்டுவேன். இரண்டு முறை ஊதுவார், பஸ் போய்விடும். கல்யாணமாகி நாலு வருஷம் வரைக்கும் எங்களுக்குள் பகலில் நடந்த பேச்சில் பாதி இதுதான்.

சாதாரண நாட்களில் பஸ்தான் ஜெயிக்கும். திருவிழா நாட்களில் நான்தான். வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவை வரும். அன்றைக்குத் தெற்கேயிருந்து, மாகறல் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும், கிராமம் கிராமமாகக் கிளம்பி வருவார்கள். பஸ்ஸுக்குள் ஆள், படியில் ஆள், மேலே சாமான் கட்டும் இடத்திலும் ஆள். அன்று வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் இரண்டு பொத்தானாவது இருக்காது. தைத்துக் கொடுக்கும்போது நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சிரிப்பை மட்டும் அடக்க முடியாது.

இப்போது அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் பட்டு நெய்கிறவன். ஊரில் யார் யார் கல்யாணத்துக்கோ அவன் நெய்த சேலை போயிருக்கிறது. என் கல்யாணத்துக்கு மட்டும் அவனால் ஒன்று நெய்ய முடியவில்லை. அந்த வருஷம் அப்பாவுக்கு வைத்தியம், அப்புறம் அவர் காரியம் என்று வீடே கலைந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா தன்னுடைய அரக்குப் பட்டை இரவல் கொடுத்தார். தாலி கட்டிக்கொண்ட சேலையை அன்று சாயங்காலமே அவிழ்த்து, மடித்து, மஞ்சள் கறை பட்டிருக்கிறதா என்று விளிம்பு விளிம்பாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவள் நான். அந்த அக்கா ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனசு. இருந்தாலும் நான் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்ததை அண்ணன் தூணோரம் நின்று பார்த்தான். அன்றிலிருந்து ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தங்கைக்கு ஓரிக்கையில் மாப்பிள்ளை அமைந்தது. ஆனியில் முகூர்த்தம். இவளுக்கு இரவல் கூடாது என்று அண்ணன் முடிவு செய்திருந்தான். இரண்டு வருஷமாகச் சேர்த்துப் பட்டு வாங்கி, சாயம் போட்டு, பாவு ஓட்டி வைத்திருந்தான். அரக்கு நிறம். தறியில் அதுவரை கூலிக்கு நெய்யும் முதலாளியின் சேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. அது நெய்து முடிந்து தறியிலிருந்து அறுபடுவதற்கும் வைகாசித் திருவிழா வருவதற்கும் சரியாக இருந்தது. இனி ஒரு நாள் தவறினாலும் முகூர்த்தத்துக்குள் சேலை இறங்காது.

பாவை அப்படியே தறியில் ஏற்ற முடியாது. நீள இழைகள் எல்லாவற்றையும் தெருவில் இழுத்து நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, நீவி, அறுந்த இழைகளை முடிந்து, காய வைத்துச் சுருட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அதற்குத் தெரு வேண்டும், ஆள் வேண்டும். மற்ற நாட்களில் முறை வைத்துத்தான் தெரு கிடைக்கும்.

அண்ணன் கருட சேவை நாளைப் பிடித்தான்.

"அன்னிக்கு ஒருத்தனும் பாவு போட மாட்டான். ஜனமெல்லாம் சாமி வர்ற ராஜ வீதியில இருக்கும். நம்ம தெருவுல காக்கா கூட வராது, பார்த்துக்கினே இரு" என்றான் என்னிடம்.

"பெருமாள் கோச்சுக்கப் போறாரு."

"நாமதான் சிவன் கோயில் ஆளுங்களாச்சே. அவரு கோச்சுக்கினாலும் இவரு பார்த்துப்பாரு. நீ மட்டும் வெயில் ஏறறதுக்குள்ள வந்துடுமா. கை ஆள் இல்ல."

ஆள் இல்லை என்பது உண்மை. மற்ற நாளில் பாவு போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். அன்றைக்கு எல்லாரும் சாமி பார்க்கப் போய்விடுவார்கள். அண்ணன், அண்ணி, தங்கை, நான். நாலு பேரில் ஒருவர் குறைந்தாலும் முடியாது.

கிழக்கு வெளுக்கும்போது கிளம்பினேன். இட்லியும் வெல்லமும் ஒரு தூக்கில். அவர் அதற்கு முன்பே டூட்டிக்குப் போய்விட்டார். வேலிச் சந்தைத் தாண்டும்போதே ரோட்டுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. வாய்க்கால் அருகே, ரோடும் பாதையும் சேரும் அந்த இடத்துக்கு வந்து பார்த்தால், பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் மாட்டு வண்டிகள், கூண்டு வண்டிகள், சைக்கிள்கள். எதுவும் நகரவில்லை. நாலாவதாக அவர் பஸ்.

படியில் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் தூக்குச் சட்டியை உயர்த்திக் காட்டிச் சிரித்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. வருஷமெல்லாம் அவர் ஜெயிப்பதற்கு ஒரு நாள் நான் ஜெயிக்கக் கூடாதா என்று தோன்றியது.

ஜன்னலோரம் இடுப்பில் ஒன்று மடியில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளை வைத்திருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"எம்மா, அது காஞ்சிபுரத்துக்குப் போற வழியா?"

அப்போது "இல்லைம்மா, இது எங்கள் கொல்லை" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஆமாம்மா! அரை மணியில ராஜ வீதி. பஸ்ஸுல இருந்தா சாமி திரும்பக் கோயிலுக்குப் போற வரைக்கும் இங்கதான் இருப்பீங்க."

அந்த அம்மாள் பிள்ளைகளை ஜன்னல் வழியாகவே, முன்னால் குதித்த புருஷன் கையில் இறக்கிவிட்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர். பஸ் மேலே இருந்தவர்கள் குதித்தார்கள். அடுத்த பஸ்ஸிலிருந்தும் இறங்க ஆரம்பித்தார்கள். வாய்க்காலைத் தாண்டித் தாண்டி வந்தார்கள்.

"டிக்கெட் வாங்கினவங்க எறங்காதீங்க! வண்டி இப்ப பூடும்!" என்று அவர் கத்துவது கேட்டது. யார் காதில் விழும்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. முன்னால் நான், பின்னால் வரப்பின் நீளத்துக்கும் ஒற்றை வரிசையாக ஜனம். எல்லாரும் கழனி வேலை செய்கிற குடும்பங்கள். வரப்பில் நடக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழவர்கள் கூட என்னைவிட வேகமாக வந்தார்கள். பம்புசெட்டில் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். சூளை நாய் குரைக்கும், கடிக்காது என்று சொன்னேன். "நல்ல வழி காட்டினம்மா, மவராசியா இருப்ப" என்று பின்னாலிருந்து வாழ்த்து வந்துகொண்டே இருந்தது. மவராசி என்றால் சும்மாவா? நடையே மாறிப் போயிற்று.

ஆற்று மணலைத் தாண்டினோம். கரையேறினோம். சந்தில் நுழைந்தோம். சந்தின் முடிவில் நான் அப்படியே நின்றேன்.

தெருவின் நடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடுப்பு உயரத்தில் அரக்குப் பாவு நீண்டிருந்தது. மூங்கில் கவைகள் தாங்கியிருந்தன. ஒரு கோடியில் கயிறு கல்தூணில் கட்டியிருந்தது. மறு கோடியில் அண்ணன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றான். அண்ணி கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தாள். தங்கை குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தாள். ராஜ வீதிக்குப் போகும் சந்து எதிர் வரிசையில், எங்களுக்கு நேர் எதிரே. நடுவில் ஈரப் பட்டு.

இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். பாவு போடத்தானே நீ போனாய், பாவு தெருவில் இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். நூற்றுக்கு நூறு தெரியும். ஆனால் தெருவில் பாவு இருப்பது எங்களுக்கு வீட்டில் தூண் இருப்பதுபோல. சுற்றிக்கொண்டு போவோம், யோசிக்க மாட்டோம். எங்கள் தெருவில் தவழும் பிள்ளை கூடப் பாவுக்கடியில் நுழையாது. மாடு கூட ஒதுங்கும். பாவைத் தாண்டுகிறவர்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அன்று வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

சாமான் மூட்டையைத் தலையில் வைத்திருந்த ஒருவர் என்னைத் தாண்டி முன்னே வந்தார்.

"இன்னாமா நின்னுட்ட? குனிஞ்சு பூந்துடலாம், வா."

"ஐயோ, பூராதீங்க! தொடாதீங்க!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் நின்றேன்.

அவர் நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள். ஆனால் சந்துக்குள் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. "முன்னாடி போங்கபா, முன்னாடி போங்க" என்று நெருக்கினார்கள். சந்து ஒரு பஸ் அகலம்கூட இல்லை. என் கால் மணலில் சறுக்குவதுபோல் பின்னால் சறுக்கியது. என் முதுகுக்கும் பாவுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்ததோ இல்லையோ.

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். கயிற்றை விட்டால் பாவு மண்ணில் விழும். ஆகவே விடாமல் அங்கேயே நின்றான்.  என்னை மட்டும் பார்த்தான். நானே கூட்டிக்கொண்டு வந்தேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பார்வைக்கு நான் அப்படியே ஆற்று மணலில் புதைந்து போயிருக்கலாம். தங்கை ஒரு இழையை விரலில் பிடித்தபடி நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, "அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

அப்போது சந்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு விசில் கேட்டது. ஒரே ஊது. நீளமாக.

கூட்டம் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பேரும் நின்றார்கள். வருஷக்கணக்காகப் பஸ்ஸில் வந்து போகிற காது. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், அதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

என் வீட்டுக்காரர்தான். இறங்கிப் போன பயணிகளைத் திரும்பக் கூட்டிவருகிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். சுவரை ஒட்டி இடித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பாவைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்து நிற்கும் மச்சானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் என்னைத் திட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. திட்டவில்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து நின்று, அவருடைய பஸ் குரலை எடுத்தார்.

"யாரும் நேரா போவக்கூடாது! அதோ அந்தக் கல்தூண் தெரியுதா, அதைச் சுத்திக்கினு போவணும்! ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்! கொடைய மடக்கு! புள்ளைய எறக்காத, இடுப்புல வை! மூட்டைக்காரரு செவுத்துப் பக்கம் வா!"

"இது இன்னாபா, இம்மாம் பெரிய துணி?" என்றார் மூட்டைக்காரர்.

"துணி இல்லீங்க, இழை. எங்க கொழுந்தியா கல்யாணச் சேலை."

அந்தச் சொல் வரிசையில் பின்னால் போயிற்று. கல்யாணச் சேலையாம். இந்தப் பொண்ணுக்காம். முதலில் இறங்கிய அந்த இரண்டு பிள்ளைக்காரி பின்னால் திரும்பிக் கத்தினாள்: "நாத்தங்கால் ஓரமா போற மாதிரி போங்கடி! மிதிச்சீங்கன்னா பார்த்துக்கோ!"

அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விதைத்து முளைத்த நாற்றங்காலை மிதிக்கிறவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகப் போனார்கள். ஒரு கிழவி தங்கையைத் தாண்டும்போது தொடாமல் கையை மட்டும் நீட்டி, திருஷ்டி கழித்து விரல்களைத் தன் நெற்றியில் நெரித்துக்கொண்டாள். 

அவர் வரிசைக்கு முன்னால், பின்புறமாக நடந்து, பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது சொல்வதுபோல "வரலாம், வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். அத்தனை பேரையும் பார்த்தார், தன் இடுப்பைப் பார்க்கவில்லை. தோளில் தொங்கிய தோல் பையின் கொக்கி பாவின் விளிம்பில் மாட்டியது. அவர் ஒரு அடி வைத்தார்.

பட்டு அறுந்தால் பெரிய சத்தம் வராது. ஆனால் எங்கள் நாலு பேருக்கும் கேட்டது. விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு இழைகள் அறுந்து இரண்டு பக்கமும் தொங்கின.

அவர் பையைத் தூக்கி அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.  கஞ்சி காய்ந்துவிட்டால் அறுந்த இழை சுருண்டு ஒட்டிக்கொள்ளும், எந்த முனை எதற்கு என்று தெரியாது. கிழக்கே கூரைக்கு மேல் வெயில் வந்துவிட்டது. அண்ணி, தங்கை, நான், மூன்று பேரும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தோம். விரலில் சாம்பல் தொட்டு, ஒரு முனையை எடுத்து, அதன் ஜோடியைத் தேடி, முறுக்கி, அடுத்தது.

"மச்சான், நான்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"பேசாத மாப்ள. கொடியில வேட்டி இருக்குது, எட்து நெழல் புடி" என்றான் அண்ணன்.

வீட்டு மாப்பிள்ளையை அண்ணன் எப்போதும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவான். அந்த ஒரு நாள்தான் ஒருமையில் பேசினான். அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. ஓடிப் போய்க் கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து வந்து, இழைகளுக்கு மேல் நிழல் விழும்படி விரித்துப் பிடித்தார். வேட்டிக்கு இரண்டு முனை. அவருக்கு ஒரே உடம்பு. மறு முனை தொங்கியது.

அந்த இரண்டு பிள்ளைக்காரி புருஷனிடம் பிள்ளைகளைக் கொடுத்து, "நீங்க போய்ப் பாருங்க" என்றாள். வந்து மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சாமி பார்க்க வேணாமாம்மா?" என்று கேட்டேன்.

"சாமி அடுத்த வருசமும்தான் வருவாரு. நீ இழையப் பாரு."

ராஜ வீதிப் பக்கமிருந்து மேளமும் வாணமும் கேட்டது. கருடன் வந்துவிட்டது என்று தெரிந்தது. கூட்டத்தின் சத்தம் கூரைகளுக்கு மேல் எழும்பி வந்தது. தங்கை தலையை நிமிர்த்தவில்லை. அவளுடைய கண்ணீர் இழையில் விழுந்துவிடக் கூடாது என்று தோளிலேயே துடைத்துக்கொண்டாள். நான் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். எந்தக் கோயில் என்று பார்க்கவில்லை.

அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நிழல் ஆடியது. அண்ணன் கயிற்றைப் பிடித்தபடியே, "ஆடக்கூடாது" என்றான். அதற்குப் பிறகு அந்தக் கை ஆடவில்லை. அந்தக் கையைத்தான் நான் அன்று முழுக்கப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பஸ் போய்ச் சேர்ந்ததா, டிரைவர் என்ன சொல்வார், பஸ் முதலாளி என்ன சொல்வார், ஒன்றையும் அவர் கேட்கவில்லை. வெயில் முகத்தில் நேராக அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நாலு வருஷமாக இந்த மனுஷரைக் கேலி செய்திருக்கிறேனே என்று முதல் முறையாக வருத்தப்பட்டேன். பிடித்துப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு.

கடைசி இழையைத் தங்கை முடிந்தாள். அண்ணி ஒரு முறை நீவிப் பார்த்தாள். அண்ணன் கயிற்றைச் சுண்டி இழுத்து, காதை வைத்துக் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றான்.

"நிக்குது" என்றான்.

அந்த அம்மாளுக்கு இட்லி கொடுத்தோம். தின்றுகொண்டே, "வழி நல்ல வழிதான்மா, ஆனா நீ சொல்லிட்டுக் கூட்டிக்கினு வந்திருக்கலாம்" என்றாள். நான் அவளுக்கு இன்னொரு இட்லியை எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு லீவு நாட்களில் அவரும் என்னோடு நடந்து வர ஆரம்பித்தார். சும்மா வர மாட்டார். "பம்புசெட் ஸ்டாப்பிங், எறங்கறவங்க எறங்கு" என்பார். சூளை நாய்க்குப் பாதி டிக்கெட் என்பார். ஆனால் பாவு போட்டிருக்கும் தெருவுக்குள் வந்தால் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு சுவரோரமாகப் போவார். தெருப் பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் சேலை தறியிலிருந்து இறங்கியது. மணையில் தங்கை உட்கார்ந்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சேலையைத்தான் பார்த்தேன். பிணைத்த இடம் எங்கே என்று தேடினேன். தெரியவில்லை.

சாயங்காலம் பெண்ணை ஓரிக்கைக்கு அழைத்துப் போக வேண்டும், விளக்கு வைப்பதற்குள். ஊரில் அன்று ஏகப்பட்ட கல்யாணம். அவர் தன் பஸ்ஸில் முன் சீட்டுக்கு மேல் துண்டு போட்டு வைத்திருந்தார். தங்கை படியருகே வந்து உள்ளே பார்த்தாள். வேர்த்து வழிகிற ஜனம், கம்பியில் தொங்குகிற கைகள், கால்களுக்கு நடுவில் ஒரு மண்ணெண்ணெய் டின்.

"அக்கா, கசங்கிப் பூடும்க்கா. நடந்தே போலாம்."

மாப்பிள்ளை சரி என்றார். கண்டக்டர் துண்டை எடுத்துக்கொண்டு, இரண்டு விசில் ஊதி, பஸ்ஸை அனுப்பிவிட்டார்.

ஆற்றைத் தாண்டி, ஓரிக்கைக்குப் பிரியும் வரப்பில் திரும்பினோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. வரப்பெல்லாம் சேறு. தங்கை மாப்பிள்ளைக்குப் பின்னால் போனாள். அவர் ஏதோ சொன்னார், இவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நடந்தாள். சேலையின் விளிம்பு சேற்றில் தோய்ந்து, ஜரிகை தெரியாமல் கறுத்துப் போயிற்று. அவள் குனிந்து பார்க்கக்கூட இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "தூக்கிப் புடிடி! ஏய், விளிம்பப் பாருடி!" என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. பின்னால் வந்த அண்ணனிடம் திரும்பினேன்.

"நீயாவது சொல்லுண்ணா. சேலை பாழாவுது, பார்த்துக்கினே வர்றியே."

அண்ணன் நின்று, அந்தச் சேற்று விளிம்பைப் பார்த்தான்.

"அவளோடதுமா" என்றான். "இன்னா வேணா பண்ணிக்கட்டும்."

அதற்கு மேல் என்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. வரப்பிலேயே நின்று அழுதேன். அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றான். அன்று இரவல் சேலையின் விளிம்பை நான் பார்த்ததைத் தூணோரம் நின்று பார்த்தவன் அவன். அவன் கண்ணும் நனைந்திருந்தது.